தண்ணீர் ஒன்று, ஆபீசுக்கு ஒரு மேப்!

ஸ்ரீபெரும்புதூர் ஏரி வழிந்தால் தண்ணீர் செம்பரம்பாக்கம் போகும். பிள்ளைப்பாக்கம் ஏரி வழிந்தாலும் அங்கேதான். செம்பரம்பாக்கத்தைத் திறந்தால் அடையாறு. மணிமங்கலம் ஏரி வழிந்தால் அதுவும் அடையாறு. பிறகு அனகாபுத்தூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடல்!

இதை அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கிற பையனே சொல்லிவிடுவான். சர்க்கார் கம்ப்யூட்டர் சொல்லுமா?

சொல்லும். ஆனால் ஒவ்வொரு ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு துண்டைச் சொல்லும். எல்லாத் துண்டையும் ஒட்டிப் பார்ப்பதற்குள் மழை விட்டுவிடும்!

வருவாய்த் துறையிடம் புலப்படம் இருக்கிறது. நீர்வளத் துறையிடம் ஏரிப் படம் இருக்கிறது. சிப்காட்டிடம் தொழிற்பேட்டைப் படம். நெடுஞ்சாலைக்காரர்களிடம் ரோட்டுப் படம். 2022-ல் சி.எம்.டி.ஏ. எல்லை 1,189 சதுர கிலோ மீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. ஸ்ரீபெரும்புதூரும் அதற்குள் வந்தது. ஆக, அங்கேயும் ஒரு படம்.

ஏரிகளிலேயே இரண்டு ஜாதி உண்டு. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை ஏரி. அதற்குக் குறைந்தால் பஞ்சாயத்து யூனியன் ஏரி. கிராமத்து ஆள் ஆபீஸ் படியேறினால் பேச்சு இப்படித்தான் போகும்:

"சார், எங்க ஊரு ஏரிக்கரை கரைஞ்சு போச்சுங்க."

"ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்?"

"ஒரு எண்பது இருக்கும் சார்."

"அப்ப எங்களது இல்லப்பா. யூனியன் ஆபீசுக்குப் போ."

யூனியன் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற பெரிய ஏரிக்குத்தான் போகும். "இது எண்பது ஏக்கர் தண்ணீர், உள்ளே விடமாட்டேன்" என்று பெரிய ஏரி சொல்லுமா?

மேடாகும் பூமி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு 1996-ல் அஸ்திவாரம் போட்டார்கள். 1998-ல் கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் தரை தரையாகவே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது, 2014-ல் மூடியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான். 2012-ல் பாரத் பென்ஸ் லாரி. 2013-ல் புல்லட் கம்பெனி. இன்னும் வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பேட்டை நீண்டுகொண்டே போகிறது.

வேலை கிடைத்தது. ஊர் வளர்ந்தது. யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிற்சாலை கட்டுவதென்றால் முதலில் என்ன செய்கிறார்கள்? மண் அடித்து மேடாக்குகிறார்கள். ரோட்டை உயர்த்துகிறார்கள். சுற்றுச்சுவர் எழுப்புகிறார்கள். நேற்று வரை வடக்கே ஓடிய மழைத் தண்ணீர் இன்றைக்குக் கிழக்கே திரும்புகிறது!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மேப் என்பது போட்டோ மாதிரி. எடுத்த அன்றைக்குச் சரி. ஒரகடத்தில் ஐந்து வருஷத்துக்கு முந்திய மேப்பை வைத்துக்கொண்டு தண்ணீர் எங்கே போகும் என்று சொல்வது, கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு அறுபதாம் கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தேடுவது மாதிரி!

ஆகவே ஓர் இலாகா மற்ற இலாகாவுக்கு மேப்பை அச்சடித்துக் கொடுத்தால் போதாது. மேப்பை உண்டாக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமையே கொடுக்க வேண்டும். தரை மாறும்போதெல்லாம் அந்தந்த ஆபீசிலேயே மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பாலம் எங்கே இருக்கிறது?

அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை.

விமானத்தில் இருந்து லேசர் ஒளியை அடித்தோ, செயற்கைக்கோள் மூலமாகவோ தரையின் உயரத்தை அளக்கிறார்கள். லட்சக்கணக்கான புள்ளிகள் வரும். அதில் கட்டடமும் மரமும் சேர்ந்தே இருக்கும். புரோகிராம் அவற்றைக் கழித்துவிட்டு வெறும் தரையைக் காட்டுகிறது. பிறகு தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எது பள்ளம் என்று பார்க்கிறது. தண்ணீர் அங்கே போகும். அங்கிருந்து அடுத்த பள்ளம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் ஓடை தெரியும். ஆறு தெரியும். இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் எந்தத் தெருவில் முழங்கால், எந்தத் தெருவில் இடுப்பு என்று கணக்குப் போடலாம்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. உயர்த்திப் போட்ட ரோடு மேலிருந்து பார்த்தால் அணைக்கட்டு மாதிரித் தெரியும்! ரோட்டுக்கு அடியில் சிறுபாலம் இருப்பது விமானத்துக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ரோட்டுக்கு இந்தப் பக்கமே தண்ணீரைத் தேக்கிவிடும். ஆகவே ஒரு ஆள் உட்கார்ந்து, எங்கெங்கே சிறுபாலம் இருக்கிறதோ அங்கெல்லாம் கம்ப்யூட்டரில் ரோட்டை வெட்டிவிட வேண்டும்.

சிறுபாலக் கணக்கு யாரிடம் இருக்கிறது? நெடுஞ்சாலைத் துறையிடம். பெங்களூர் நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசின் நெடுஞ்சாலை ஆணையத்திடம். தொழிற்பேட்டைக்கு உள்ளே என்றால் சிப்காட்டிடம். கிராமத்து ரோடு என்றால் யூனியனிடம்.

நாலு ஆபீஸ் கணக்கையும் வாங்கி, நேரில் போய்ப் பார்த்து, ஒரு எஞ்சினீயர் மாதக்கணக்கில் இந்த வேலையை முடிக்கிறார் என்று வையுங்கள். அந்த வேலை அவர் ஆபீஸ் அலமாரியோடு நின்றுவிட்டால்? அடுத்த இலாகாக்காரர் மறுபடியும் முதல் பாலத்தில் இருந்து ஆரம்பிப்பார். அதற்கு ஒரு டெண்டர். அதற்கு ஒரு கன்சல்டன்ட். பணம் யாருடையது? டீக்கடையில் பிஸ்கட் வாங்குகிறவன் கட்டுகிற வரிப் பணம்!

சென்னையில் பிறந்தது, பம்பாய்க்குப் போனது!

2015 டிசம்பர் யாருக்கும் மறந்திருக்காது. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். ஏரிக்குக் கீழே அடையாற்றுக் கரை மூழ்கியது. ஏரித் தண்ணீர் எட்டாத மேல் பக்கத்தில் வரதராஜபுரமும் முடிச்சூரும் தனியாக மூழ்கின. ஹூண்டாய், ரெனோ-நிஸ்ஸான், புல்லட் கம்பெனி எல்லாம் உற்பத்தியை நிறுத்தின. இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது.

அந்த அடிக்குப் பிறகு மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஒரு வேலையைத் தொடங்கியது. பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் எல்லாம் சேர்ந்தன. மழைக் கணக்கு, ஆற்றுக் கணக்கு, கடல் அலைக் கணக்கு எல்லாவற்றையும் மேப்போடு இணைத்து ஒரே புரோகிராம் ஆக்கினார்கள். பெயர் சி-ஃப்ளோஸ். 2019-ல் தயார். கடலோர நகரத்துக்கு இப்படி ஒரு வெள்ள எச்சரிக்கை அமைப்பு இந்தியாவிலேயே அதுதான் முதல்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2005 ஜூலை 26-ந் தேதி ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழையை வாங்கிய ஊர் பம்பாய். மும்பை என்று பெயர் மாறினாலும் தண்ணீர் மாறவில்லை. அந்த மாநகராட்சிக்கும் இது வேண்டும் என்று கேட்டார்கள். முதலில் இருந்து ஆரம்பிக்கவில்லை. சென்னைக்குச் செய்த சட்டகத்தை எடுத்தார்கள். மித்தி ஆற்றையும் பம்பாயின் சாக்கடைக் கால்வாய்களையும் அந்த ஊர்க் கடலின் ஏற்ற இறக்கத்தையும் அதில் பொருத்தினார்கள். 2020 ஜூன் மாதம் ஐ-ஃப்ளோஸ் மும்பை தொடங்கி வைக்கப்பட்டது!

அதாவது, சட்டகம் பொது. ஊர்க் கணக்கு தனி. தையற்காரர் ஒரே கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அளவை மட்டும் மாற்றுகிற மாதிரி. இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை. இந்த வேலையில் முன்னே நின்ற கடலோர ஆராய்ச்சி மையம் இருப்பது எங்கே தெரியுமா? சதுப்பு நிலம் சுருங்கி, மழைக்கு மழை மிதக்கிற பள்ளிக்கரணையில்!

சென்னையில் இருந்து 1,300 கிலோ மீட்டர் தாண்டி பம்பாய்க்குப் போக முடிந்த புரோகிராம், 40 கிலோ மீட்டரில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் யூனியன் ஆபீசுக்கும் சிப்காட் ஆபீசுக்கும் போய்ச் சேர என்ன தடை? சென்னைப் படுகைக்கென்று மாநில அரசும் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்புத் திட்டம் ஒன்றைத் தனியாகவே எடுத்தது. நல்லதுதான். ஆனால் ஒரே ஆற்றுக்கு இரண்டு கணக்கு என்றால், இரண்டும் ஒரே தரை உயரத்தை வைத்துப் பார்க்கின்றனவா? ஒன்றில் வெட்டிய சிறுபாலம் மற்றதில் இருக்கிறதா? எந்தக் கணக்கை நம்பி ஷட்டரைத் தூக்குவது? இதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மறுபடி தண்ணீரில் நின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிற பாக்ஸ்கான் உற்பத்தியை நிறுத்தியது.

தொழிற்சாலைக்குள் நடப்பது என்ன?

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி. அதற்கு நட்டு, போல்ட், சீட்டு, விளக்கு எல்லாம் சுற்றுவட்டாரச் சின்னப் பட்டறைகளில் இருந்து வருகிறது. ஜப்பானிலோ கொரியாவிலோ போட்ட டிராயிங் இங்கே பட்டறைக் கம்ப்யூட்டரில் அப்படியே திறக்கிறது. அளவு மாறினால் மறுநாள் புது டிராயிங் வருகிறது. "உன் படம் என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை" என்று ஒரு வெண்டர் சொன்னால் அடுத்த மாசம் ஆர்டர் கிடைக்காது!

சுற்றுச்சுவருக்கு உள்ளே இவ்வளவு ஒழுங்கு. வெளியே வந்தால்? ஓர் இலாகா படத்தை அனுப்பினால் அது பல நேரம் வெறும் காகித நகலாக வரும். அல்லது கம்ப்யூட்டரில் பார்க்க மட்டும் முடியும், கணக்குப் போட முடியாது. வாங்கிய ஆபீஸ் மறுபடியும் அதைக் கோடு கோடாக வரைய வேண்டும். வரைகிறவர் ஒரு கோட்டைத் தள்ளிப் போட்டால் ஒரு வாய்க்கால் காணாமல் போகும். பிறகு அந்த இடத்தில் பிளாட் போட்டு விற்பதற்கு ஆள் இல்லாமலா போகும்?

இந்த வியாதி புதுசும் இல்லை. 1990-களில் இந்தியாவில் மேப் புரோகிராம் செய்தார்கள். இஸ்ரோ செய்தது, ஐஸ்ரோஜிஸ் என்று. பம்பாய் ஐ.ஐ.டி. செய்தது, கிராம் என்று. சர்க்காரின் கம்ப்யூட்டர் மையமான என்.ஐ.சி. செய்தது, ஜிஸ்னிக் என்று. மூன்றும் பொதுப் பணம். மூன்றும் கெட்டிக்காரர்கள் செய்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால்? உட்காரவில்லை. ஆபீஸ்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் புரோகிராமுக்குக் காசு கட்டப் போய்விட்டன.

அமெரிக்காக்காரன் கதை வேறு. அங்கே ராணுவத்தின் பொறியாளர் படை 1982-ல் தன் முகாம் நிலங்களைக் கவனிக்க ஒரு மேப் புரோகிராம் எழுத ஆரம்பித்தது. பெயர் கிராஸ். புல் என்று அர்த்தம்! ராணுவத்தில் எழுதியதை ராணுவமே பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம். 1990-களின் நடுவில் ராணுவம் கைகழுவிவிட்டது. புல் காய்ந்ததா? இல்லை. பல்கலைக்கழகக்காரர்கள் எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். எடுத்தவர் திருத்தலாம், திருத்தியதை வெளியே கொடுத்தால் மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை 1999-ல் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. 2002-ல் அலாஸ்காவில் ஒருவர் தொடங்கிய கியூ-ஜிஸ் புரோகிராமும் அதே வழிதான். காசு இல்லை. தாலுகா ஆபீஸ் சர்வேயர் இன்றைக்கு ராத்திரியே இறக்கிக்கொள்ளலாம்.

இங்கேயும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. புலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என்.ஐ.சி. செய்த கொலாப்லேண்ட் தமிழ்நாட்டில் ஓடுகிறது. வேறு மாநிலங்களும் அதை எடுத்துக்கொண்டன. பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். சர்வேயரைத் தேடி அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம். ஒரு வீட்டு மனைக்கு முடிந்தது ஓர் ஏரி வரிசைக்கு முடியாதா?

"ரகசியம்" என்ற சாக்கு

அதிகாரிகளைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "மேப் என்பது நாட்டின் பாதுகாப்பு சமாசாரம்."

ஒரு காலத்தில் அது சரி. 2021 பிப்ரவரி 15-ந் தேதி மத்திய அரசே கதவைத் திறந்துவிட்டது. இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமலே மேப் தயாரிக்கலாம் என்றது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வந்துவிட்டது. ராணுவ இடம் போன்ற சிலதுக்குத் தடை இருக்கிறது, இருக்கட்டும். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுச் சிறுபாலம் எந்த எதிரி நாட்டுக்கு வேண்டும்?

இரண்டாவது பதில், "புரோகிராம் காண்டிராக்டருடையது." இதுதான் உண்மையான முடிச்சு. டெண்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். மூல நிரலைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும், மற்ற இலாகாக்களும் அதை ஓட்டலாம் என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு காண்டிராக்டரைக் குறை சொல்லிப் பயன் என்ன? அரசு செயலிகளின் மூல நிரலைத் திறந்து கூட்டாக உருவாக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டது. வெள்ளம் வந்த அதே வருஷம்! 2011-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் இருந்தது. பிளஸ்-டூ பையனுக்கு இது ஆகும், பெரிய ஆபீசுக்கு ஆகாதாம்!

மூன்றாவது பதிலில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "புரோகிராமைக் கொடுத்தாலும் ஓட்டுவதற்கு ஆள் எங்கே?" வாஸ்தவம். யூனியன் ஆபீசில் இருக்கிற ஒரு எஞ்சினீயர் ரோடு பார்ப்பாரா, குடிதண்ணீர் பார்ப்பாரா, கம்ப்யூட்டர் பார்ப்பாரா? ஆள் இல்லாமல் புரோகிராமை மட்டும் கொடுத்தால் அது இன்னொரு பூட்டிய அலமாரி. வருஷா வருஷம் திருத்துவதற்கும் ஒருவர் வேண்டும். சும்மா கிடைக்கிற புரோகிராமுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்பதை அதன் பக்கம் பேசுகிறவர்கள் மறைக்கக் கூடாது.

அதற்கு வழி இல்லையா? அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு நிறுவனம் 1982-ல் இருந்து இருக்கிறது. சி-ஃப்ளோஸ் செய்ததில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எஞ்சினீயரிங் காலேஜ்களுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு காலேஜும் பத்து ஏரியை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் சிறுபாலங்களை நடந்தே பார்த்து, ஒரே பொதுப் புரோகிராமில் ஏற்றட்டும். சிப்காட் ஒரு மனையை மேடாக்க அனுமதி கொடுக்கும் அன்றைக்கே அந்தப் புது உயரமும் அதே கணக்கில் ஏறட்டும். மேடாக்கினால் கீழே எந்தக் கிராமத்துக்குத் தண்ணீர் திரும்பும் என்று அனுமதிக்கு முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடலாமே! இப்போது அந்தக் கிராமத்து ஜனங்களுக்கு விஷயம் தெரிவது நடு ராத்திரியில், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்த பிறகுதான்.

செலவு வேண்டும் என்றால் தொழிற்சாலைக்காரர்களையும் கேட்கலாம். ஒரு நாள் கன்வேயர் நின்றால் அவர்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களே கணக்கு வைத்திருப்பார்கள். ஷிப்ட் பஸ் தண்ணீரில் நின்றால் சம்பளம் போகும் தொழிலாளிக்கும் கணக்கு உண்டு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

மழைநீர் வடிகால், ஏரிச் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு என்று டெண்டர் நோட்டீஸ்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த முறை ஒன்று கண்ணில் பட்டால் தொகையை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். நிபந்தனைகளில் "மேப்பும் மூல நிரலும் அரசுக்குச் சொந்தம், எல்லா இலாகாவும் பயன்படுத்தலாம்" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை என்றால் உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள். கேட்பதை மட்டும் அக்டோபருக்கு முன்னால் கேளுங்கள்.